சப்டைட்டில் போட்டும் புகார் வருகிறதா? தமிழ் வீடியோக்களின் அணுகல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வீடியோவை ஏற்றியவரின் கணினியில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். அவருக்குக் காது கேட்கிறது, கண் தெரிகிறது, மவுஸைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கிறது. கோளாறு தெரிவது எதிர்முனையில். அங்கிருந்து வரும் புகார் "சப்டைட்டில் கிறுக்கலா வருது", "பட்டன் பட்டன்னு மட்டும் சொல்லுது", "கேட்டா பாதிதான் புரியுது" என்ற வடிவில்தான் இருக்கும். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே காரணத்துக்குப் போகும்படி இந்த வழிமுறையை அமைத்திருக்கிறோம்.

எதிலும் கை வைக்கும் முன் 3 சோதனை. ஒலியை முழுக்க அடைத்துவிட்டு 5 நிமிடம் பாருங்கள். அடுத்து, மானிட்டரை அணைத்துவிட்டு அதே 5 நிமிடத்தைக் கேளுங்கள். பிறகு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் வீடியோவை ஓட்டி, நிறுத்தி, சப்டைட்டிலைப் போட்டு, எடுத்துப் பாருங்கள். கணினியில் ஒருமுறை, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை. எங்கே இடிக்கிறதோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

சப்டைட்டிலில் தமிழே இல்லை, கிறுக்கல்தான் தெரிகிறது

கிறுக்கலின் முகத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்' எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூ.டி.எஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் இன்றைய பொது முறை) முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பிளேயர் அதைப் பழைய விண்டோஸ் எழுத்து முறை என்று நினைத்துப் படிப்பதால் அந்த ஒரே 'ஏ' விடாமல் தலைகாட்டுகிறது. வி.எல்.சி. என்றால் அமைப்புகளில் சப்டைட்டில் பகுதிக்குப் போய், இயல்பு எழுத்து முறையை யூ.டி.எஃப்-8 ஆக்குங்கள். கோப்பு உங்களுடையது என்றால் நோட்பேடில் திறந்து, 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் உள்ள 'என்கோடிங்' பட்டியலில் 'யூ.டி.எஃப்-8 வித் பி.ஓ.எம்.' (எழுத்து முறை எது என்று கோப்பின் தலையிலேயே அடையாளம் வைப்பது) தேர்ந்து சேமியுங்கள்.

வரி முழுக்கக் கேள்விக்குறி என்றால் நிலைமை மோசம். ஆன்சி என்ற அந்தப் பழைய விண்டோஸ் முறையில் சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது, மூலப் பிரதிக்குத்தான் திரும்ப வேண்டும்.

வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை. விண்டோஸில் நிர்மலா யூ.ஐ., மற்ற இடங்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பிளேயரில் குறிப்பிட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தால், யாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். எடுத்தபின் அடுத்த பகுதியையும் பார்த்துவிடுங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு தனியே நிற்கிறது; புள்ளியைக் காணோம்

புள்ளிவட்டத்தோடு கொம்பு தனித்து நின்றால், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பு, பிறகு மெய் என்று பதிவாகியிருக்கிறது. யூனிகோடில் மெய்தான் முன்னால். கோப்பு சரியாக இருந்தும், வீடியோவோடு எழுத்தைப் பதித்து ஏற்றுமதி செய்தபின் மட்டும் கொம்பு இடம் மாறினால், எடிட்டிங் மென்பொருளின் எழுத்து எஞ்சின்தான் காரணம். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டின் பல பதிப்புகளிலும் அதைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான எஞ்சினாக மாற்றும் வசதி உண்டு. மாற்றியபின் பழைய எழுத்துப் பெட்டி அப்படியே நின்றால், அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கண்ணுக்குப் படாத பிழை ஒன்று இதைவிடப் பொல்லாதது. 'கௌரி' என்று எழுத கொம்பும் 'ள'வும் தட்டி 'கெள' என்று விட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் பார்வையில்லாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள்) மட்டும் "கெளரி" என்று வாசிக்கும். 'ஔ' இடத்தில் 'ஒள', காலுக்குப் பதில் 'ர' ஆகியவையும் இதே வகை. கோப்பில் 'ஒள', 'கெள', 'மெள', 'பெள', 'செள' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'ஒளி', 'கெளுத்தி' போன்ற நியாயமான 'ள' சிக்கிக்கொள்ளும் என்பதால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

புள்ளி காணாமல் போவதற்கு இரண்டு காரணம். இணையப் பிளேயரில் வரி உயரத்தை எழுத்தின் அளவுக்கே சமமாக வைத்திருந்தால் புள்ளியும் இகர வளைவும் மேலே வெட்டுப்படும். எழுத்தளவைப் போல் 1.4 மடங்காவது கொடுங்கள். இன்னொன்று, வாட்ஸ்ஆப் போன்ற செயலிகள் வீடியோவைச் சுருக்கும்போது மெல்லிய எழுத்துருவின் புள்ளி கரைந்துபோவது. 'பல்' வலி 'பல' வலியாகிவிடும். பதித்த எழுத்துக்குத் தடித்த எழுத்துருவே போடுங்கள். 1080 பிக்சல் உயர வீடியோவில் 56 பிக்சலுக்குக் குறையாத அளவு, வெள்ளை எழுத்து, பின்னால் பாதி ஊடுருவும் கறுப்புப் பட்டை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு இருக்க வேண்டும். வெறும் வெளிக்கோடு மட்டும் போட்டால் வெள்ளை வேட்டிக்காரர் வந்து நின்றதும் எழுத்து மறைந்துவிடும்.

பதிப்பதா, தனிக் கோப்பா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: இரண்டும். வாட்ஸ்ஆப்பில் கைமாறும் பிரதியோடு தனிக் கோப்பு கூடப் போகாது, அதனால் அங்கே பதித்த பிரதி வேண்டும். பதித்த எழுத்தைப் பார்வைக் குறைவுள்ளவர் பெரிதாக்க முடியாது, காதும் கண்ணும் இல்லாதவரின் பிரெய்ல் கருவிக்கு அது வெறும் படம். ஆகவே இணையதளத்தில் தனிக் கோப்பும், முழுப் பேச்சின் எழுத்து வடிவமும் இருக்க வேண்டும்.

கோப்பை ஏற்றியாயிற்று, சப்டைட்டில் வரவே இல்லை

எஸ்.ஆர்.டி., வி.டி.டி. இரண்டும் சப்டைட்டில் கோப்பு வகைகள். யூடியூபில் ஓடிய எஸ்.ஆர்.டி. கோப்பின் பின்னொட்டை மட்டும் வி.டி.டி. என்று மாற்றிச் சொந்தத் தளத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் இதுதான். வி.டி.டி. கோப்பின் முதல் வரியில் 'வெப்விடிடி' என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்து ஆறில் இருக்க வேண்டும், அடுத்து ஒரு காலி வரி. வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே எஸ்.ஆர்.டி.யில் காற்புள்ளி, வி.டி.டி.யில் முற்றுப்புள்ளி. காற்புள்ளி இருந்தால் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் அந்த வசனத் துண்டு விடுபட்டுப்போகும்.

பாதி வசனம் மட்டும் வருகிறதா? வசனத்தின் நடுவே காலி வரி விழுந்திருக்கிறது. காலி வரி வந்ததும் துண்டு முடிந்துவிட்டது என்பதே விதி.

கோப்பு சரியாக இருந்தும் வரவில்லை என்றால்: வீடியோ ஒரு டொமைனிலும் சப்டைட்டில் வேறு டொமைனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பக்கத்தின் எச்.டி.எம்.எல். நிரலில் உள்ள வீடியோ குறியில் 'கிராஸ்ஆரிஜின்' பண்பும், சர்வர் பக்கம் அதற்கான அனுமதியும் தேவை. கணினியில் உள்ள கோப்பை நேரடியாகக் குரோமில் திறந்து சோதித்தாலும் சப்டைட்டில் வராது, சின்னதாக ஒரு உள்ளூர் சர்வர் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். சப்டைட்டில் கோப்பை இணைக்கும் ட்ராக் குறியில் 'டீஃபால்ட்' இல்லாவிட்டால் சப்டைட்டில் இருக்கும், ஆனால் அணைந்தே இருக்கும்.

உதடு ஒன்று சொல்ல, சப்டைட்டில் வேறொன்று காட்டுகிறது

முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எத்தனை வினாடி விலகல் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றே என்றால், சப்டைட்டில் செய்தபின் யாரோ முன்னால் டைட்டில் கார்டு சேர்த்திருக்கிறார்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எல்லா நேரத்தையும் ஒருசேரத் தள்ளும் வசதியால் சரிசெய்யலாம்.

போகப் போக விலகல் கூடினால் பிரேம் வேகம் (வினாடிக்கு எத்தனை படம் என்பது) பொருந்தவில்லை. 29.97க்குப் பதில் 30 என்று கணக்கிட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும். 23.976க்கும் 25க்கும் குழப்பம் என்றால் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல். அதே மென்பொருளின் 'பாயின்ட் சிங்க்'கில் தொடக்கத்தில் ஒரு வசனம், முடிவில் ஒரு வசனம் என்று இரண்டு புள்ளியைப் பொருத்தினால் இடையில் உள்ளவை தாமே இழுபட்டுச் சேரும்.

ஓரிடத்தில் முந்தி, ஓரிடத்தில் பிந்தி, ஒழுங்கே இல்லாமல் ஆடினால் வீடியோ போனில் எடுத்தது என்று ஊகிக்கலாம். போன் கேமரா வெளிச்சத்துக்கேற்பப் பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்து நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே சப்டைட்டில் வேலையைத் தொடங்குங்கள்.

"படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓடிடுது". "படிச்சேன், தப்பா புரிஞ்சுது"

இந்தப் பகுதியில்தான் தமிழுக்கென்றே உள்ள சிக்கல்கள் அதிகம். ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது போன்ற அளவுகள் ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்டவை. மென்பொருளும் எழுத்தை எண்ணுவதில்லை, குறியை எண்ணுகிறது. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து. மென்பொருளுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. அதனால் அது காட்டும் சிவப்பு எச்சரிக்கையை அப்படியே நம்பி வசனத்தை வெட்ட வேண்டாம், கண்டுகொள்ளாமலும் விட வேண்டாம். ஒரு துண்டுக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை, வரிக்கு 4 அல்லது 5 சொல், 1 வினாடிக்குக் குறையாமலும் 7 வினாடிக்கு மிகாமலும் திரையில் நிற்க வேண்டும். ஒலியில்லாமல் ஒருமுறை நீங்களே படித்துப் பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

எங்கே உடைப்பது என்பது அதைவிட முக்கியம். தமிழில் வினைமுற்றும் எதிர்மறையும் கடைசியில் வரும். "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடக்" என்று ஒரு துண்டும், 3 வினாடி கழித்து "கூடாது" என்று அடுத்த துண்டும் வந்தால், இடையில் கண்ணை எடுத்தவர் நேர் எதிரான செய்தியோடு போய்விடுவார். ஒரே துண்டில் முதல் வரி "இந்த மாத்திரையை", இரண்டாம் வரி "வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது". இடம் போதாவிட்டால் சொல்லைக் குறையுங்கள், வாக்கியத்தை எதிர்மறைக்கு முன்னால் மட்டும் உடைக்காதீர்கள்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? பிறவியிலேயே காது கேளாதவர்களில் பலர் தமிழைப் பள்ளிப் புத்தகத்தின் எழுத்து வடிவில் கற்றவர்கள். "பண்ணிட்டிருக்காங்க" என்பதைக் காதால் கேட்டுப் பழகாதவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். அதையே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். பாடம், மருத்துவம், அரசுத் திட்டம், வங்கி என்றால் எழுத்துத் தமிழே போடுங்கள். பேட்டி, நாடகம், கதை என்றால் பேசியவரின் மொழியே அவருடைய அடையாளம், அதை இஸ்திரி போட வேண்டாம். 'வந்து', 'என்ன சொல்றேன்னா' போன்ற ஒட்டுச் சொற்களை மட்டும் எடுத்துவிடலாம்.

தானியங்கி சப்டைட்டிலை அப்படியே வெளியிடுபவர்கள் குறைந்தது மூன்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும். எண்கள்: 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம் மருந்தளவில் ஆபத்து. எதிர்மறை: 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு உயிரொலிதான். பெயர்கள்: ல, ள, ழ குழம்பி ஊர் பெயரே மாறிவிடும்.

"எல்லாரும் ஏன் திரும்பிப் பார்த்தாங்கன்னு தெரியல"

பேச்சு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, சத்தம் எழுதப்படவில்லை. கதைக்கு வேலை செய்யும் ஒவ்வொரு ஒலியையும் சதுர அடைப்பில் எழுதுங்கள். [இசை] என்று மட்டும் போடுவது போதாது. [கெட்டிமேளம்] என்று போட்டால் கேமரா வேறெங்கோ இருந்தாலும் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துவிடும். திரைக்கு வெளியிலிருந்து பேசினால் பேசுபவர் பெயர் முன்னால் வர வேண்டும். அமைதியே செய்தியாக இருக்கும் இடத்தில் [அமைதி] என்று போடலாம், இல்லாவிட்டால் சப்டைட்டில் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள்.

"பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்கிறது

பிளேயரின் ஓட்டு, நிறுத்து, ஒலி பட்டன்களில் படம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. அலங்காரமான தனிப் பிளேயர் கட்டாயமில்லை என்றால் உலாவியின் சொந்தப் பிளேயரையே பயன்படுத்துங்கள். வீடியோ குறியில் 'கண்ட்ரோல்ஸ்' என்று சேர்த்தால் போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தனிப் பிளேயர்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் உண்மையான பட்டன் குறியாக இருக்கட்டும், ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் 'ஏரியா-லேபல்' பண்பில் தமிழ்ப் பெயர் கொடுங்கள். ஓடும்போது பெயர் 'நிறுத்து' என்று மாறினால் அழுத்திய நிலையையும் சேர்த்து அறிவிக்காதீர்கள். "நிறுத்து, அழுத்தப்பட்டது" என்று கேட்பவருக்கு ஓடுகிறதா நிற்கிறதா என்று விளங்காது.

நகர்த்தும் பட்டை "37" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை, "2 நிமிடம் 14 வினாடி" என்று மதிப்பை எழுத்தில் கொடுங்கள். ஓடும் நேரத்தை ஏரியா-லைவ் பகுதியில் (மாறும்போதெல்லாம் ஸ்கிரீன் ரீடர் தானே வாசிக்கும் பகுதி) வைத்தால் வினாடிக்கு வினாடி வாசித்துப் பேச்சையே மூழ்கடிக்கும், எடுத்துவிடுங்கள். டேப் உள்ளே போய் வெளியே வராமல் சிக்கிக்கொள்வதும், பட்டன்கள் 3 வினாடியில் மறைந்து டேப் அடித்தாலும் திரும்ப வராததும் அடிக்கடி பார்க்கும் கோளாறுகள். தானே ஓடத் தொடங்கும் வீடியோ வேண்டவே வேண்டாம். அதன் சத்தத்தில் ஸ்கிரீன் ரீடரின் குரல் கேட்காது, குரல் கேட்காவிட்டால் நிறுத்தும் பட்டனைத் தேட வழியில்லை. 3 வினாடிக்கு மேல் தானே ஒலித்தால் அதை நிறுத்த வழி வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் விதியின் அடிப்படை மட்டமே சொல்கிறது.

ஸ்கிரீன் ரீடர் தமிழை மட்டும் தாண்டிப் போனால், பக்கத்தின் மொழிக் குறி ஆங்கிலமாக இருக்கிறது. அதைத் தமிழுக்கான 'டி.ஏ.' ஆக்குங்கள். சோதிக்க என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், விண்டோஸின் தமிழ் மொழித் தொகுப்பை நிறுவினால் வள்ளுவர் என்ற குரலும் கிடைக்கும். இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பட்டன்களின் பெயர்ப் பட்டியலை ஒரே பார்வையில் சரிபார்க்கலாம்.

"கேட்டா பாதிதான் புரியுது"

சமையல் வீடியோ ஒன்றைக் கண்ணை மூடிக் கேளுங்கள். "இதோ, இந்த அளவு உப்பு போட்டுக்கங்க. இந்தக் கலர் வந்ததும் இறக்கிடுங்க." பார்வையில்லாதவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. "ஒரு டீஸ்பூன் கல்லுப்பு. பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சதும் இறக்கிடுங்க" என்று பேசினால் தனி விவரிப்பே தேவைப்படாது. நம் சமையலறைப் பேச்சில் மணமும் சத்தமும் ஏற்கெனவே இருக்கின்றன: கடுகு வெடித்து அடங்கியதும், பால் பொங்கி வந்ததும். கேமரா வந்தபின்தான் 'இதோ', 'இப்படி' என்று சுருங்கிவிட்டோம். படம்பிடிக்கும் முன் ஸ்கிரிப்டில் 'இது, இந்த, இப்படி, இங்கே' நான்கையும் தேடி, ஒவ்வொன்றுக்கும் பெயரோ அளவோ இடமோ எழுதிவிடுங்கள். "திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்" என்றால் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

எடுத்து முடித்த வீடியோவுக்கு ஒலி விவரிப்பு சேர்க்க வேண்டும். பேச்சு இல்லாத இடைவெளிகளைக் குறித்து, 4 வினாடிக்கு 7 அல்லது 8 சொல்லுக்கு மேல் அடைக்காமல் எழுதுங்கள். நிகழ்காலம், யார், எங்கே, என்ன செய்கிறார். "வருத்தமாக இருக்கிறாள்" என்று முடிவு சொல்லாமல் "கண்ணைத் துடைக்கிறாள்" என்று விடுங்கள். இடைவெளியே இல்லை என்றால் படத்தை அங்கங்கே உறையவைத்துச் சொல்லும் நீண்ட பிரதி ஒன்றைத் தனியாக ஏற்றி, முதல் பிரதியின் விளக்கத்தில் முதல் வரியாகவே இணைப்பைக் கொடுங்கள். ஒலி விவரிப்பு, சைகை மொழி, சப்டைட்டில் மூன்றையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆம் பிரிவில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. யாரும் தயவு காட்டிச் செய்யும் காரியமல்ல.

பேச்சு கேட்கவில்லை, அல்லது மோனோவில் மறைந்துவிடுகிறது

செவித்திறன் குறைந்தவருக்குப் பின்னணி இசைதான் முதல் எதிரி. பேச்சைவிட இசை 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 'அனலைஸ்' மெனுவின் 'கான்ட்ராஸ்ட்' கருவி இதை அளக்கவே இருக்கிறது: பேச்சுள்ள துண்டு ஒன்று, இசை மட்டும் உள்ள துண்டு ஒன்று, வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

ஒரு காது மட்டும் கேட்பவர் போனில் மோனோ ஒலி அமைப்பை (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது) வைத்திருப்பார். அவருக்குக் குரலே காணோம் என்றால், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலைகள், சேர்ந்ததும் அழிந்துவிடுகின்றன. பேலன்ஸ்டு மைக்கை (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பும் மைக்) தவறான கேபிளில் ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால் இப்படி ஆகும். ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை மோனோவாக ஏற்றுமதி செய்யுங்கள். அப்லோடு செய்யுமுன் மோனோவில் ஒருமுறை கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

"பார்த்ததும் தலை சுத்துது"

உடனே வீடியோவை இறக்கிவிட்டுப் பிறகு ஆராயுங்கள். ஒரு வினாடியில் 3 முறைக்கு மேல் பளிச்சிடும் ஒளி வலிப்பைத் தூண்டலாம், சிவப்பு இன்னும் ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய சில வினாடிகளால் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் ஊரில் இது கல்யாண வீடியோவின் கேமரா ஃபிளாஷிலும், மேடை நடனத்தின் ஸ்ட்ரோப் விளக்கிலும், குறும்படங்களின் வெட்டு எஃபெக்டிலும் வரும். மின்னும் பிரேம்களை வெட்டுங்கள், அல்லது வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள். முன்னால் எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு அப்படியே விடுவது போதாது, நகர்த்திக்கொண்டே வருபவர் எச்சரிக்கையைத் தாண்டி நேரே மின்னலில்தான் விழுவார்.

சைகை மொழிப் பெட்டி இருக்கிறது, கை தெரியவில்லை

பெட்டி சிறியது, அல்லது வட்டமாக வெட்டியதில் முழங்கை போய்விட்டது. திரையில் ஆறில் ஒரு பங்காவது கொடுங்கள், தலைக்கு மேலே ஒரு கையளவும் இடுப்பு வரையிலும் இரு பக்க முழங்கையும் உள்ளே வர வேண்டும். சப்டைட்டில் கையை மறைத்தால் சப்டைட்டிலை நகர்த்துங்கள். விரல்கள் மங்கலாக இழுபட்டால் விளக்கைக் கூட்டி ஷட்டரை 1/100 வினாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். சட்டை ஒரே நிறத்தில், தோல் நிறத்திலிருந்து விலகி இருக்கட்டும். இந்திய சைகை மொழிக்குத் தமிழிலிருந்து வேறுபட்ட தனி இலக்கணம் உண்டு. ஆகவே சப்டைட்டில் இருக்கிறதே என்று பெட்டியை எடுத்துவிடாதீர்கள், பெட்டி இருக்கிறதே என்று சப்டைட்டிலையும் எடுத்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்கு ஸ்கிரிப்டைப் படப்பிடிப்புக்கு 2 நாள் முன்பே அனுப்புங்கள். பெயர்ச் சொற்களுக்கும் துறைச் சொற்களுக்கும் என்ன சைகை என்று அவர் காது கேளாதோர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.